மா.கோ.தெ. வகையறா

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கூரை உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது அங்கே உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுக்குப் பாடம் நடத்திய சகாயராணி டீச்சருக்குத் தெரியும். காலையில் கூட்ட வரும் சோணையம்மாளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் காரையை அள்ளிக் கொட்டுவது அவள்தான். தெரியாதது தேனாற்றங்கரைக் கல்வி அறநிலையத்துக்கு மட்டும். அறநிலையத்துக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டுமானால் அது கோப்பில் இருக்க வேண்டும். கோப்பில் இருந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும். தேடிக் கிடைக்க, தேடுகிறவருக்கு அனுமதி இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வரும்வரை கூரை தாங்க வேண்டுமே என்பதுதான் சகாயராணியின் கவலை.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் மீனு என்றொரு பெண் உட்காருவாள். அவள் தலைக்கு நேர் மேலேதான் விரிசல். முதலில் கோடாக இருந்தது, பிறகு சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் தயிர்சாத டப்பாவில் ஒரு துண்டுக் காரை விழுந்தது. பிள்ளை அதை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடத் தொடங்கியது. அழவில்லை, புகார் சொல்லவில்லை. சோற்றில் கூரை விழுவது பள்ளிக்கூடத்து வழக்கம் என்று அது நினைத்துக்கொண்டது போலிருந்தது. 

அன்றைக்கே சகாயராணி தலைமையாசிரியர் சோமுவிடம் போனாள். சோமு நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதற்காகவே அந்தப் பதவியில் வைக்கப்பட்டவர், அதைக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் செய்யாமல் இருப்பவர். அவரும் வந்து கூரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கோடை லீவுல இன்ஜினியர் வந்து எல்லாக் கட்டடத்தையும் பாத்துட்டுப் போனாருல்ல டீச்சர்? அவரு ரிப்போர்ட் குடுத்திருப்பாரு. அதைத் தேடி எடுங்க. ஆபத்துன்னு அதுல ஒரு வரி இருந்தாப் போதும், நாளைக்கே பிள்ளைகளை மாத்திருவோம்."

"நீங்களே பாத்துட்டீகளே சார்."

"நான் பாத்தது எப்படி டீச்சர் ஆதாரமாகும்?" என்று சோமு வருத்தத்தோடு கேட்டார்.

காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகும் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு வணிகக் குடும்பத்தின் உபயம். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு கல், கல்லில் அந்த வீட்டு விலாசம். மற்ற ஊர்க்காரர்களுக்கு விலாசம் என்றால் தபால்காரர் தேடி வரும் இடம். இந்தப் பக்கத்து வணிகக் குடும்பங்களுக்கு விலாசம் என்றால் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள். பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, பின்னால் 'வகையறா' என்று போட்டுவிட்டால் அது ஒரு வீட்டின் மானம். ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு இருந்த கட்டடத்தின் கல்லில் 'சித.மெ.லெ. வகையறா உபயம்' என்று பொறித்திருந்தது. அறநிலையத்தின் செயலாளர் மெய்யநாதன் அந்த வீட்டுக்காரர். சென்னையில் பெரிய வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே அண்ணாநகரில்.

மெய்யநாதன் பொறுப்பேற்றதும் செய்த முதல் காரியம், பீரோவில் இருந்த கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றியது. அந்தத் தேடும் ஏற்பாட்டுக்கு 'ஞானக்கண்' என்று பெயர் வைத்தார். தொடக்க விழாவில் அவர் பேசியது ஆசிரியர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"முன்னாடியெல்லாம் ஒரு கோப்பு வேணும்னா பீரோவைத் திறப்போம், எடுப்போம், படிப்போம். யாரு வேணாலும் எடுத்தாக, யாரு வேணாலும் படிச்சாக. இனிமே அது நடக்காது. யாருக்கு எது தெரியணுமோ அது மட்டும்தான் அவுகளுக்குத் தெரியும். இதுல பெரியவுக சின்னவுக வித்தியாசம் கிடையாது. இந்த நிர்வாகம் யாரையும் நம்பாம இருக்கிறதுல எந்தப் பாகுபாடும் பாக்காது."

கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள்.

யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதற்கு அறநிலையம் எளிதான ஒரு விதி வைத்திருந்தது. எந்த வீட்டு உபயமோ அந்த வீட்டு விலாசத்தார் மட்டுமே அந்தக் கட்டடத்தின் கோப்பைப் பார்க்கலாம். தன் வீட்டுக் கட்டடத்தில் ஓதம் ஏறியிருக்கிறது என்று இன்னொரு வீட்டார் படித்துவிட்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பேசுவதை எந்த வீடும் விரும்பாது அல்லவா?

சகாயராணி ஆசிரியர் அறைக் கணினியில் உட்கார்ந்து, 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவு கூரை' என்று தட்டினாள். ஞானக்கண் கொஞ்சம் சுற்றியது. பிறகு நீலப் பூக்கள் போட்ட கட்டத்துக்குள் ஒரு வாசகம் வந்தது. 'தங்கள் தேடல் இனிதே நிறைவுற்றது.'

அவ்வளவுதான். இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஞானக்கண் வந்த புதிதில், 'தங்களுக்கு அனுமதியில்லாத கோப்பு ஒன்று உள்ளது' என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அனுமதியில்லாதது ஒன்று இருக்கிறதென்றால் அது என்னவாக இருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. சித.மெ.லெ. வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளையார்பட்டி கோவில் பிரகாரம் வரைக்கும் போய்விட்டது. உடனே கமிட்டி கூடி, இருப்பதே தெரியக்கூடாது என்று தீர்மானித்து, 'கோப்பு இல்லை' என்று மாற்றியது. அப்போது வேறொரு சிக்கல். உண்மையிலேயே இல்லாத கோப்புக்கும் 'இல்லை', ஒளித்து வைத்த கோப்புக்கும் 'இல்லை'. எங்கள் வீட்டுக் கட்டடத்துக்குக் கோப்பே இல்லையா, அவ்வளவு கேவலமாகப் போய்விட்டோமா என்று இன்னொரு வீட்டார் கோபித்துக்கொண்டு ஆண்டு விழாவுக்கு வரவில்லை. மூன்றாவதாகக் கூடித்தான், யார் மனமும் புண்படாத இந்த வாசகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

சகாயராணி விதவிதமாகத் தேடிப் பார்த்தாள். 'விரிசல்', 'காரை', 'கம்பி', 'ஆபத்து' என்று தட்டினாள். ஒவ்வொரு தேடலும் இனிதே நிறைவுற்றது. ஒரு சலிப்பில் 'கடவுளே' என்று தட்டிப் பார்த்தாள். அதுவும் இனிதே நிறைவுற்றது.

நேராக இன்ஜினியரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. செல்வின் சிங்கம்புணரிக்காரர், அவளுடைய தம்பியோடு படித்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். போன் போட்டாள். செல்வின் ஆர்வமாகத்தான் பேசினார்.

"நல்லா ஞாபகம் இருக்குக்கா. மொத்தம் ரெண்டு ரூம்ல சந்தேகம் வந்துச்சு. ஒண்ணு சும்மா மேல்பூச்சுதான், பூசி விட்டாப் போதும். இன்னொண்ணு உடனே மூடணும், ஒரு மழைக்குக்கூடத் தாங்காதுன்னு சிவப்புல எழுதிருந்தேன்."

"எது எந்த ரூமு தம்பி?"

செல்வின் இழுத்தார்.

"அதுக்கப்புறம் எத்தனையோ கட்டடம் பாத்துட்டேன்க்கா, கலந்து போச்சு. ரிப்போர்ட்டைப் பாத்தாச் சொல்லிருவேன். ஆனா அதை அவுக சிஸ்டத்துலயேதான் ஏத்தச் சொன்னாக. ஏத்தி முடிச்ச மறுநிமிசம் என் கண்ணுலருந்தே மறைஞ்சு போச்சு. நான் உபயதாரர் வீடு இல்லையாம்."

நேரில் வந்து இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டாள். பார்க்கலாம், ஆனால் ஏற்கெனவே ஆய்வு நடந்த கட்டடத்துக்குள் மறுபடி விட மாட்டார்களே, ரிப்போர்ட் நம்பர் கேட்பார்களே என்றார் செல்வின். நம்பர் ரிப்போர்ட்டில் இருந்தது.

கடைசியில் அவள் கோபிநாத்தைப் பிடித்தாள். ஞானக்கண்ணை நடத்துவதற்காக மதுரையில் இருந்து வாரம் ஒரு முறை வருகிற கணினி ஆள் அவர். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எதற்கும் கலங்காத ஒரு புன்னகை. அவள் முறையிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டே இந்த மாதிரிப் புகார்கள்தான் என்றார். கிடைக்கவில்லை என்று ஆள் வந்து அழுதால் அனுமதி சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம். இதுவரை யாரும் எதையாவது கண்டுபிடித்ததாக அவருக்குத் தகவல் இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

"எனக்கு என்னதான் சார் பாக்க அனுமதி இருக்கு?" என்று சகாயராணி கேட்டாள்.

கோபிநாத் அவளுடைய விவரப் பக்கத்தைத் திறந்தார். திறந்ததும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நீங்க மா.கோ.தெ. வகையறாவா டீச்சர்? சொல்லவே இல்லையே?"

அது எந்த வீடு என்று சகாயராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஞானக்கண் தொடங்கியபோது எல்லா ஆசிரியர்களிடமும் ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அதில் 'விலாசம்' என்று ஒரு கட்டம். சகாயராணி கத்தோலிக்கக் குடும்பம், செக்காலைப் பக்கம் வீடு. விலாசம் என்று கேட்டால் அவள் என்ன எழுதுவாள்? 'மாதா கோவில் தெரு' என்று எழுதினாள். அதே தெருவில் குடியிருக்கும் இன்னும் நான்கைந்து ஆசிரியர்களும் அப்படியே எழுதினார்கள். ஞானக்கண் முதலெழுத்துகளைப் பிரித்தெடுத்து, புள்ளி வைத்து, அவர்களையெல்லாம் ஒரே வீட்டுப் பங்காளிகளாக்கி வைத்திருந்தது.

அதை அவள் எடுத்துச் சொன்னாள். கோபிநாத் பணிவாக மறுத்தார். விலாசத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்த விலாசத்தின் மூத்த பங்காளி கையெழுத்துப் போட வேண்டும், மா.கோ.தெ. வகையறாவில் மூத்தவர் யார் என்று கேட்டார். வயதுப்படி பார்த்தால் அது சகாயராணிதான். அவளே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். தனக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்வதை விதி தடுக்கிறது என்றார் கோபிநாத். மா.கோ.தெ. வகையறா உபயம் செய்த கட்டடம் எதுவும் இல்லாததால் அவர்கள் பார்க்கக்கூடிய கோப்பும் எதுவும் இல்லை. மற்றபடி அவர்களுக்கு எல்லா மரியாதையும் உண்டு.

அந்த மரியாதை புரட்டாசியில் வந்து சேர்ந்தது. உபயதாரர் வீடுகளின் கூட்டத்துக்கு அழைப்பு. மஞ்சள் தடவிய உறையில், 'மா.கோ.தெ. வகையறா அவர்கள் தவறாது ஒரு பிரதிநிதியை அனுப்பி வைக்கக் கோருகிறோம்' என்று அச்சிட்டிருந்தது. பங்காளிகள் ஐந்து பேரும் மாதா கோவில் வாசலில் கூடிப் பேசினார்கள். வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள், போக வேண்டாம் என்றார்கள். சகாயராணி போவது என்று முடிவு செய்தாள். மெய்யநாதனை நேரில் பார்க்க நேரம் கேட்டு அவள் அலுத்துப் போயிருந்தாள், ஆசிரியையாகப் போனால் கிடைக்காத நேரம் வகையறாவாகப் போனால் கிடைக்கும் என்று நினைத்தாள். அவள் மெய்யநாதனிடம் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அந்தக் கோப்பைப் பார்க்கும் உரிமை உள்ள ஒரே வீட்டுக்காரர் அவர், ஒரு தடவை திறந்து பார்த்து, எந்த அறை என்று சொன்னால் போதும்.

கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், முன்னால் மா.கோ.தெ. என்று அட்டை இருந்தது. வந்திருந்த பெரியவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வீட்டைத் தெரியாது என்று எழுந்து சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பழைய வீடாக இருந்து, தெரியாது என்று சொன்னால், தெரியாதவருடைய வீடு புதிய வீடு என்று ஆகிவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் சிறிது நேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

"எங்க அப்பச்சி சொல்லுவாக. பினாங்குல மா.கோ.தெ. கடைக்கும் எங்க கடைக்கும் நடுவுல ஒத்தைச் சுவருதானாம். இப்ப அவுக எல்லாம் எங்க இருக்காக?"

"செக்காலையில" என்றாள் சகாயராணி.

"அப்படியா, அங்குட்டு வந்துட்டாகளா" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பெண்ணைப் பிரதிநிதியாக அனுப்பியிருக்கிறார்கள், அந்தக் காலத்திலேயே முற்போக்கான வீடு என்று இன்னொருவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

மெய்யநாதனுக்கு மட்டும் அவளை அடையாளம் தெரிந்தது. கோபிநாத்தைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார். ஞானக்கண்ணில் அப்படித்தான் இருக்கிறது என்றார் கோபிநாத். ஞானக்கண்ணில் தப்பு என்றால் அதைக் கொண்டுவந்தவர் தப்பு. ஆகவே மெய்யநாதன் புன்னகை செய்து, மா.கோ.தெ. வகையறாவையும் சேர்த்தே வரவேற்றுப் பேசினார்.

அவள் முறை வந்தபோது எழுந்து நின்று, கூரையைப் பற்றியும் மீனுவின் சாப்பாட்டு டப்பாவைப் பற்றியும் செல்வின் சொன்னதைப் பற்றியும் சொன்னாள். மழைக்காலம் வரப்போகிறது, ஐயா ஒரே ஒரு முறை அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்றாள்.

மெய்யநாதன் முகம் சுருங்கியது. எல்லா வீட்டாரும் இருக்கும் இடத்தில் அவர் வீட்டுக் கட்டடத்தின் பெயர் அடிபட்டிருக்கிறது.

"எனக்குப் பாக்குற உரிமை இருக்கு டீச்சர். உரிமை இருக்குங்கிறதுக்காகப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் பாக்காமலே இருந்துதான் அந்த உரிமைக்கு மரியாதை குடுத்துக்கிட்டு இருக்கேன். இருந்தாலும் சபையில கேட்டுட்டீக. பாத்துருவோம்."

சுவரில் திரை விரித்தார்கள். மெய்யநாதன் தன் கணக்கில் நுழைந்து, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஞானக்கண் சுற்றியது. நீலப் பூக்கள் வந்தன. 'தங்கள் தேடல் இனிதே நிறைவுற்றது.'

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் தெளிந்தது. முழு அனுமதி உள்ள தனக்கே கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒரு ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் இல்லை என்றால் குறை இல்லை என்று சபைக்கு விளக்கினார். சிலர் கைதட்டினார்கள்.

சகாயராணி கைதட்டலைக் கவனிக்கவில்லை. அவள் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சின்ன எழுத்தில், 'மெய்யநாதன், விலாசம்: அ.மூ.தெ.' என்று இருந்தது. இன்னொருத்தராக இருந்தால் விளங்கியிருக்காது. 'தெ.' என்று முடிந்தால் அது தெரு என்பது மா.கோ.தெ. வகையறாவுக்குத் தெரியும். சென்னையில் அவருடைய படிவத்தை யாரோ உதவியாளர் நிரப்பியிருக்க வேண்டும். விலாசம் என்ற கட்டத்தில், அண்ணாநகர் மூன்றாவது தெரு என்று எழுதியிருக்க வேண்டும். சித.மெ.லெ. வீட்டில் வேறு யாருமே ஞானக்கண்ணில் இல்லை. ஆக அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் உரிமை இந்த உலகத்தில் ஒருவருக்கும் கிடையாது.

அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "ஐயா, உங்க விலாசம் தப்பு."

 காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். இந்தச் சீமையில் ஒரு வீட்டுக்காரரைப் பார்த்து, நாலு வீட்டார் முன்னால், அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட முடியாது. தெருவைச் சொன்னாள் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை, பரம்பரையைச் சொன்னாள் என்றுதான் விளங்கியது.

"எங்க விலாசம் அஞ்சு தலைமுறையாக் கல்லுல இருக்கு டீச்சர்" என்றார் மெய்யநாதன் மெதுவாக.

"கல்லுல சரியா இருக்குங்கய்யா. கம்ப்யூட்டர்லதான்…"

கோபிநாத் பாய்ந்து வந்து திரையை அணைத்தார். ஒருவருடைய விவரப் பக்கத்தை இன்னொருவர் படிப்பது அனுமதி மீறல் என்று கூட்டத்துக்கு நினைவூட்டினார். மா.கோ.தெ. வகையறாவின் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்தும், சித.மெ.லெ. கட்டடம் எந்தக் குறையும் இல்லாதது என்றும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. பினாங்குக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சகாயராணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகளைப் பையோடு எழுப்பி, கரும்பலகையை இரண்டு பையன்களைத் தூக்கி வரச் சொல்லி, சைக்கிள் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கொட்டகைக்கு மட்டும்தான் அந்த வளாகத்தில் கல் கிடையாது. நான்கு இரும்புக் கால், மேலே தகரம். சைக்கிள்களுக்கு நடுவே பெஞ்சைப் போட்டு, விட்ட இடத்தில் இருந்து பாடத்தைத் தொடங்கினாள்.

சோமு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்றார். காற்றாட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்றாள். எத்தனை நாளைக்கு என்றார். பிள்ளைகளுக்குக் காற்று போதும் என்கிறவரைக்கும் என்றாள். அவர் தடுக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை. அவரால் முடிந்த அதிகபட்ச வீரம் அது, அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் அவள் கத்திக் கத்திப் பாடம் நடத்தினாள், தொண்டை கட்டிப்போனது. சாரல் அடித்துப் பிள்ளைகளின் நோட்டுகள் நனைந்தன. இரண்டு பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, சைக்கிளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினோமா என்று கேட்டார்கள். அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. விழ வேண்டியது மற்ற அறையாக இருந்து, இது வெறும் மேல்பூச்சாக இருந்தால் என்ன செய்வது? ராத்திரி படுத்தால் அதே நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரிய சத்தம் கேட்டது. இடி என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். சித.மெ.லெ. கட்டடத்தில் இருந்து வெள்ளையாகப் புழுதி கிளம்பி வந்தபோதுதான் தெரிந்தது. ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கூரை பாதிக்கு மேல் உள்ளே கிடந்தது. ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு கிடந்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. சோமு மழையில் ஓடி வந்தார். உள்ளே பார்த்தார், கொட்டகைக்கு ஓடினார், பிள்ளைகளை எண்ணினார், கணக்குத் தவறி மறுபடி எண்ணினார். பிறகு ஒரு சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அழுதார். சகாயராணி மீனுவைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். 

மெய்யநாதன் சென்னையில் இருந்து அன்று சாயங்காலமே போன் செய்தார். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவதாக அவர் கேட்ட கேள்விதான் மெமோவாக வந்தது.

'மேற்படி கூரையின் நிலை குறித்த தகவல், சித.மெ.லெ. வகையறா நீங்கலாக எவருக்கும் அனுமதிக்கப்படாதது. தாங்கள் மா.கோ.தெ. வகையறாவைச் சேர்ந்தவர். ஆயினும் தாங்கள் அத்தகவலை முன்கூட்டியே அறிந்து, மாணவர்களை வெளியேற்றியுள்ளது தெரியவருகிறது. தாங்கள் இது குறித்துப் பலமுறை தேடியதும், ஒவ்வொரு முறையும் தேடல் இனிதே நிறைவுற்றதும் பதிவாகியுள்ளது. எனில் தகவலை எவ்வழியில் பெற்றீர்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கவும்.'

சகாயராணி ஒரு முழுத்தாளை எடுத்து, தேதி போட்டு, ஒரே வரி எழுதினாள். 'அண்ணாந்து பார்த்தேன்.'

விசாரணை வைத்தார்கள். மெய்யநாதன் அந்த ஒற்றை வரியை மேசையில் வைத்து, திரும்பத் திரும்பப் படித்தார். அவர் கோபமாகக்கூட இல்லை, ஏதோ நோயிலிருந்து எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"வேற யாரும் சொல்லலையா? கோபிநாத், செல்வின், யாராச்சும்?"

"இல்லைங்கய்யா. மேலதான் இருந்துச்சு. பாத்தேன்."

கோபிநாத் குறுக்கிட்டார். அவர் குரலில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது.

"இது ஏற்பாட்டுலயே இருக்குற ஓட்டை சார். நாம கோப்பை மட்டும்தான் மூடி வெச்சோம். கூரையை எல்லாரும் பாக்கும்படி திறந்து விட்டுட்டோம்."

மெய்யநாதன் அவரை நன்றியோடு பார்த்தார். சகாயராணியைக் கண்டிப்பதோடு விட்டுவிட்டார்கள்.

தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது பள்ளிக்கூடம் மாறியிருந்தது. விழுந்த அறையைப் பூட்டி, கல்லை மட்டும் கழுவி வைத்திருந்தார்கள். மற்ற எல்லா வகுப்புகளிலும் கூரைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று அட்டைக் கூரை பொருத்தி, நடுநடுவே விளக்கு வைத்திருந்தார்கள். திறப்பு விழாவில் எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். மா.கோ.தெ. வகையறாவுக்கு மட்டும் அழைப்பு இல்லை. மெய்யநாதன் சுருக்கமாகப் பேசினார்.

"நடந்தது பெரிய பாடம். இனிமே இந்த வளாகத்துல எந்தப் பிள்ளையும், எந்த டீச்சரும், விரிசலைப் பாத்துப் பயப்பட வேண்டிய நிலைமை வராது. அதுக்கு நான் உறுதி குடுக்கிறேன்."

அவர் மனதாரச் சொன்னார். கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள்.

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு இன்னொரு வீட்டுக் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். செல்வின் சொன்ன இரண்டாவது அறை எது என்று சகாயராணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதை அவள் தேடவும் இல்லை. புது அறையில் அன்றைக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே எதுவோ பொத்தென்று விழுந்து, அட்டைக் கூரைமேல் சரசரவென்று உருண்டு நின்றது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையாக, சுத்தமாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது.

"டீச்சர், மேல என்னமோ விழுந்துச்சு" என்றாள் மீனு.

சகாயராணி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.  பிறகு, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடங்கள் என்று சொல்வதற்காகத் திரும்பினாள். சொல்லத் தேவைப்படவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே பைகளை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள், இரண்டு பையன்கள் கரும்பலகையைத் தூக்க வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை.